ஆட்டிசப் பிள்ளைக்கு மாத்திரை மட்டும் போதாதா?

ஏழு வயது மகனின் ஆக்ரோஷத்துக்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், பெற்றோர் பயிற்சிக்கும் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது.

என் மகன் கோபம் வந்தால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். அந்த இடம் காய்த்தே போயிருந்தது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் கடி பாதியாகக் குறைந்தது. இனி பயிற்சி எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

மிச்சப் பாதி அசையவில்லை. பயிற்சியில் முதலில் ஒரு நோட்டு போடச் சொன்னார்கள்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்த பிறகு நாங்கள் என்ன செய்தோம். பத்து நாள் எழுதியதைப் புரட்டினால், முக்கால்வாசி சாயங்காலம் நான் போனைப் பிடுங்கிச் சார்ஜில் போடும் நேரம். கடித்ததும் ஓடிப்போய்த் திரும்பக் கொடுத்தது யார்? நான்தான். கடித்தால் போன் வரும் என்று நானே பழக்கியிருக்கிறேன், அதை எந்த மாத்திரை மாற்றும்?

அப்புறம், போனை வாங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தோம். போன் வேண்டுமென்றால் படம் போட்ட அட்டையை நீட்டப் பழக்கினோம். கடித்தால் கையை மெதுவாக விலக்கிவிடுவோம், போன் கிடையாது. முதல் வாரம் முன்பைவிட மோசம். மாமியார் என்னிடம் பேசவே இல்லை.

2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதையேதான் பார்த்தது. 4 முதல் 13 வயது வரை 124 பிள்ளைகள், 24 வாரம். மருந்து மட்டும் எடுத்தவர்களும் நன்றாகவே தேறினார்கள், பயிற்சியும் சேர்ந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்து அதுவும் சுருங்கிவிட்டது. என் கண்ணில் பட்டது வேறு. பயிற்சி சேர்ந்தவர்களுக்கு முடிவில் தேவைப்பட்ட மருந்து சராசரியாக நாளுக்கு 1.98 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.26.

இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்பீர்கள். இந்த மருந்து கிளப்பும் பசியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2002இல் வந்த இன்னொரு ஆய்வில் இந்த மருந்தை எடுத்த பிள்ளைகளுக்கு எட்டே வாரத்தில் சராசரி 2.7 கிலோ ஏறியது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு 0.8தான். இரண்டு தோசையோடு எழுந்துவிடுகிற என் பிள்ளை ஐந்து கேட்டான். ஜூனில் தைத்த யூனிஃபார்ம் தீபாவளிக்குள் பொத்தான் பூட்டவில்லை.

மாதாமாதம் எடையைக் குறித்து வையுங்கள். சர்க்கரை, கொழுப்பு எப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறானே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பயிற்சிக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போங்கள். இங்கே நான் அட்டையை நீட்டப் பழக்கிக்கொண்டிருந்த மாதம் முழுக்க, மொட்டைமாடியில் வைத்து ரகசியமாகப் போனைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.