நாடும் எங்கள் வீடும் தங்கத்தை அடகு வைத்த வருஷம்

கேள்வி: விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் இப்படி இருக்கும்போது, இந்தியாவின் எதிர்காலத்தை எப்படி நம்புவது?

நான் நம்புகிறேன். அதற்குக் காரணம் அம்மாவின் மூன்று பவுன் தாலிச் சங்கிலி.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளா என்றதும் எல்லாரும் நினைக்கிற மழை இங்கே கிடையாது, மழை மறைவுப் பிரதேசம். 1991-இல் எனக்குப் பத்து வயது. கடலைச் செடி காய்ந்தது, கிணறும் வற்றியது. அப்பா சங்கிலியை சொசைட்டியில் பணயம் வைத்தார் (அடகை இங்கே அப்படித்தான் சொல்வோம்). கழற்றிக் கொடுத்த அம்மா, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அதே வருஷம் ஜூலையில் டீக்கடையில் யாரோ பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார்கள். நாட்டின் கையில் இருந்த அந்நியச் செலாவணி மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காதாம். ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்து, ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தது. மானம் போச்சு என்றார்கள் கடையில். அப்பா மட்டும், "வித்துப் போடலையே, வச்சுத்தானே இருக்குது. திருப்பிக்கலாம்" என்றார்.

அந்த வருஷத்துக்குள்ளேயே நாடு அந்தக் கடனை அடைத்தது. 2009-இல் பன்னாட்டு நாணய நிதியம் தங்கம் விற்றபோது 200 டன் வாங்கியதும் இதே ரிசர்வ் வங்கிதான்.

எங்கள் சங்கிலி திரும்ப நாலு வருஷம் ஆனது. இதையும் சொல்லத்தான் வேண்டும். நாடு மீண்ட வேகத்தில் வீடுகள் மீளவில்லை. ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், ஜூலை 24 பட்ஜெட்டில் உர விலையை ஏற்றினார்கள். அந்தச் சுமை எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுந்தது. இன்று வேலை தேடி அலைகிற பிள்ளையிடம் போய் வளர்ச்சி விகிதம் பேசுவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

ஆனால் வாங்கிய பணத்தை அப்பா என்ன செய்தார் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிணற்றை ஆழப்படுத்தினார். மிச்சத்துக்குத் தென்னம்பிள்ளை வாங்கி வரப்போரமாக நட்டார். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்று தெரிந்தே, வீட்டில் கஞ்சி குடித்த வருஷத்தில் நட்டார். நாடு கடன் வாங்கினால் நான் பயப்படுவதில்லை; கிணறு வெட்டவா, தின்று தீர்க்கவா என்றுதான் பார்க்கிறேன். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாசனத்துக்கும் போகிற பணம் எனக்குக் கிணறு மாதிரி.

அம்மாவுக்குப் பிறகு சங்கிலி என் மனைவிக்கு வந்தது. இந்த வருஷம் மகளின் நர்சிங் படிப்புக்காக மறுபடியும் சொசைட்டிக்குப் போயிருக்கிறது. வரப்போரத் தென்னைகளில் சிலது இன்னும் காய்க்கிறது, அந்தப் பணத்தில்தான் வட்டி கட்டுகிறேன். அடகுச் சீட்டு, அம்மா அன்றைக்கு வைத்த அதே அரிசி டின்னில் இருக்கிறது.