யார்க் நாடகங்கள் ஒரே நாளில் முடிந்தது எப்படி?

இடைக்கால இங்கிலாந்தின் யார்க் நகரில் பைபிள் கதைகளைச் சொல்லும் 48 நாடகங்களைச் சக்கர மேடைகளில் தெருத் தெருவாக 12 இடங்களில் நடத்தினார்கள். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றாலே 192 மணி நேரம் ஆகுமே, ஒரே நாளில் எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தீர்கள். 48-ஐ 12-ஆல் பெருக்கியதுதான் பிழை, கூட்ட வேண்டும். ஒரே குழு எல்லாவற்றையும் நடித்தது என்று வைத்துக்கொண்டீர்கள் போல, அதனால்தான் 192 மணி நேரம் வருகிறது.

யார்க்கில் ஒவ்வொரு நாடகமும் ஒரு கில்டின், அதாவது ஒரே தொழில் செய்பவர்களின் சங்கத்தின், பொறுப்பு. கப்பல் கட்டுபவர்களுக்கு நோவாவின் பேழை, ரொட்டி சுடுபவர்களுக்கு இயேசுவின் கடைசி இராவுணவு, ஆணி செய்பவர்களுக்குச் சிலுவையில் அறையும் காட்சி (இதில் குறும்பு இருக்கிறது, இல்லையா?). அவரவர் சக்கர மேடை அவரவருக்கு. முதல் வண்டி இரண்டாம் இடத்துக்கு நகர்ந்ததும் அடுத்தது முதல் இடத்துக்கு வந்துவிடும். மதியத்தில் தெருவெங்கும் பன்னிரண்டு நாடகம் ஒரே நேரத்தில் ஓடும்.

ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன 20 நிமிடத்தையே வைத்துக்கொள்வோம். கடைசி நாடகமான இறுதித் தீர்ப்பு, 47 சுற்று காத்திருந்து 12 இடத்தில் நடக்கும். ஆக 59 சுற்று, 19 மணி 40 நிமிடம். நடிகர்கள் காலை நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் தயாராக இருக்க வேண்டும் என்பது 1415 அறிவிப்பு. நாலரைக்குத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். நாடகம் நடக்கும் விழா மே கடைசியிலோ ஜூனிலோ வரும்; அப்போது பகல் நீளம், அதுவும் உதவியிருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். நாடகங்கள் சம நீளம் அல்ல. நீளமான ஒன்று பின்னால் வருபவற்றை நிறுத்திவைக்கும், வண்டி தள்ளும் நேரமும் சேரும். எல்லா ஆண்டும் 48-ம் நடந்ததாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாளில் இப்படி முடிந்திருக்காது என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு.