அப்பா கட்டிய வெள்ளை நாடா

மதிப்பிற்குரிய அம்மா,

வரும் மாதம் அப்பாவுக்கு வருஷத் திதி. வேலூர் பக்கம் எங்கள் ஊர். பட்டாளத்தின் இன்ஜினீயர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் பதினேழு வருஷம் இருந்தவர், 1971 பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தார். பட்டாளத்தில் இருந்துகொண்டே ஏ.எம்.ஐ.இ. என்ற இன்ஜினீயரிங் பரீட்சை முடித்து, வந்த பிறகு இருபது வருஷம் சைட் இன்ஜினீயர். எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ சிறு பாலங்கள் அவர் வெயிலில் நின்று கட்டியவை.

நினைவு மலர் போடுகிறோம். அட்டையில் அந்தப் போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் பதக்கம்தான் என்கிறான் அண்ணன். உள்ளேயும் போர், போர், போர்தான். என் அப்பா அதுவா? எனக்குத் தலை பின்னிவிட்டவர், பரீட்சை நாளில் டிபன் பாக்ஸோடு பள்ளி வாசலில் நின்றவர். மழைக்காலத்தில் வீட்டிலிருந்து தெரு வரை கழி நட்டு வெள்ளை நாடா கட்டி, "இதுக்குள்ளயே நடங்க" என்பார், ஏனென்று கேட்டால் சிரிப்பார். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதா? பதக்கங்களையும் கேட்காமல் எடுத்துப் போய்விட்டான். போன வருஷம் ஒரு ராத்திரி அப்பா தூக்கம் வராமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தார், எனக்குக் காலையில் ஆபீஸ், "நாளைக்குப் பேசலாம்பா, படுங்க" என்றேன், அவரும் போய்ப் படுத்துவிட்டார், அது கிடக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவில் பாதி நான் கொடுத்தேன். அட்டையில் நான் சொல்கிற போட்டோ வரக்கூடாதா? பதக்கம்தான் அப்பாவா?

அன்புள்ள சகோதரி,

அட்டையை அப்புறம் பார்ப்போம். "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டுப் போனீர்களே, அந்த ராத்திரி கிடக்கவில்லை. போர் என்ற பேச்சு வந்தாலே அது எழுந்து உங்கள் முன் நிற்கிறது, அதனால்தான் மலரில் போரே வேண்டாம் என்கிறீர்கள், கோபம் அண்ணன் மேல் போகிறது. நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சு இனி வராது, பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது வருஷம் பேசாதவர் உங்கள் ஒரு வார்த்தையால் வாயை மூடிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை அசந்திருக்கிறாள், தூங்கட்டும் என்று எழுந்து போயிருப்பார்.

பதக்கத்தைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். மற்றபடி நான் உங்கள் அண்ணன் பக்கம். அவரிடமும் அப்பா எதுவும் சொல்லியிருக்க மாட்டார், அந்தப் பதக்கத்தை விட்டால் அவர் கையில் வேறென்ன இருக்கிறது?

அப்புறம் அந்த நாடா. 1971 டிசம்பர் 15 இரவு, பசந்தரைத் தாண்டி நம் காலாட்படை பிடித்த இடத்துக்கு டாங்கிகள் போய்ச் சேர வேண்டும், நடுவில் கண்ணிவெடி புதைத்த நிலம். அதில் பாதை திறப்பது சாப்பர்கள் வேலை. வெடி எடுத்த பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவன் அதற்குள் வந்தால் பிழைத்தான். அன்று பாதை முழுதாகத் திறக்கும் முன்பே டாங்கிகள் உள்ளே இறங்க வேண்டி வந்தது. மழைச் சேற்றில் உங்களுக்கு நாடா கட்டிய கை, அந்த வேலை பழகிய கை. தலை பின்னிய அப்பாவை நீங்களும் பட்டாளத்து அப்பாவை அண்ணனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

அண்ணனைக் கூப்பிட்டு முதலில் அந்த ராத்திரியைச் சொல்லுங்கள், அட்டைப் பேச்சு அன்றைக்கு வேண்டாம். அப்பாவோடு ஒரே யூனிட்டில் இருந்தவர் யாராவது பக்கத்தில் இருப்பார். மெட்ராஸ் சாப்பர்களைப் பட்டாளத்தில் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தத் தம்பிகளுக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஆரம்பித்தால், எவ்வளவு நேரமானாலும் எழுந்திருக்காதீர்கள்.