நகர சபை தன் பெறுகை விதிகளைத் திருத்தும்போது எதை முதலில் கேட்க வேண்டும்?

கேட்டவர் கொழும்புக்குப் பக்கத்து நகர சபை ஒன்றில் வரி கட்டுபவர். சாமான் வாங்குவது, கொந்தராத்துக் கொடுப்பது பற்றிய நடைமுறைகளைச் சபை திருத்தப் போகிறதாம், பொதுமக்களும் எழுதிக் கொடுக்கலாமாம். எதைக் கேட்பது என்கிறார்.

காசு எத்தனை நாளில் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அது விதியில் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று கடைகளிடம் விலைமனு கேட்பது, அப்படி வாங்கக்கூடிய வரம்புத் தொகை, தெரிவு செய்யும் குழுவில் யார் யார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்று சொல்கிறேன். புறக்கோட்டையில் எங்களுக்கு மின்சாரச் சாமான் கடை. அப்பா தொடங்கியது, பன்னிரண்டு வருடமாக நான் பார்க்கிறேன். சபைகள் வருடா வருடம் விநியோகத்தர் பதிவுக்கு அழைக்கும்போது நாங்களும் கட்டணம் கட்டிப் பதிவோம். 2021 கடைசியில் ஒரு சபைக்கு 150 எல்இடி வீதி விளக்குக் கொடுத்தோம். மூன்று வாரத்துக்குள் கொண்டுவந்து தர வேண்டும், பிந்தினால் நாளுக்கு இவ்வளவு தண்டம் என்று ஓடரில் தெளிவாக இருந்தது. எங்களுக்குக் காசு எப்போது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

சொன்ன நாளில் களஞ்சியத்தில் பாரம் கொடுத்தோம். பில் கணக்குப் பிரிவுக்குப் போனது. ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திரும்பி வந்தது. அதைச் சரி பண்ணினால், அடுத்த மேசையில் வேறொரு குறை. 2022 மார்ச் ஆரம்பம் வரை டொலர் 200 ரூபா சொச்சத்தில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மே மாதத்தில் அது 360 ஆகிவிட்டது. எங்கள் காசோலை ஓகஸ்டில் வந்தது. அந்தக் காசுக்கு அதே விளக்கில் தொண்ணூறு வாங்கவும் காணவில்லை. அதற்குப் பிறகு சபைகளிலிருந்து விலை கேட்டுக் கடிதம் வந்தால் அப்பா திறந்தே பார்ப்பதில்லை.

இது எங்கள் கடையின் நட்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்களைப் போல ஒவ்வொருவராக விலகினால், விலை கொடுக்க யார் மிச்சம்? எட்டு மாதம் காத்திருக்க வசதி உள்ளவர்கள், அல்லது பைலை நகர்த்த உள்ளே ஆள் வைத்திருப்பவர்கள். அவர்கள் அந்தக் காத்திருப்பையும் விலையில்தான் ஏற்றுவார்கள். அது உங்கள் வரிப்பணம். இன்னொன்றும் நடக்கிறது. பைலில் மூன்று விலைமனு இருக்க வேண்டும், ஆனால் வெளியே ஒருவரும் பதில் போடுவதில்லை. அப்போது சாமான் கொடுக்கப் போகிறவரே மற்ற இரண்டையும் கொண்டுவருவார். என்னிடமே கேட்டிருக்கிறார்கள்: "அக்கா, உங்க லெட்டர்ஹெட்ல ஒரு விலை, கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாங்க." நான் கொடுக்கவில்லை. கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. கணக்காய்வுக்கு வருபவர்கள் பார்க்கும்போது மூன்று கடிதமும் ஒழுங்காகவே இருக்கும்.

சரி, ஒரு சபை எவ்வளவு தூரம் மாற்றலாம்? அடிப்படை விதிகள் சபையின் கையில் இல்லை. 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டிதான் ஏறக்குறைய இருபது வருடம் நடைமுறையில் இருந்தது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது, 2020இல் 20ஆம் திருத்தம் அதை எடுத்துவிட்டது, 2022இல் 21ஆம் திருத்தத்தோடு அது மறுபடி வந்தது. அந்த ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு எதிராக ஒரு சபை எதையும் எழுத முடியாது. ஆனால் தன் அலுவலகத்துக்குள் ஒரு பில் எந்த மேசையில் எத்தனை நாள் இருக்கலாம், எதை வெளியே காட்டுவது என்பதை நிச்சயமாகத் தீர்மானிக்கலாம். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்களே இருக்கவில்லை. ஆணையாளர்களும் செயலாளர்களுமே நடத்தினார்கள். இப்போது இருக்கும் உறுப்பினர்களில் பலர் புதியவர்கள், கேட்கிற மனநிலையில் இருக்கிறார்கள். இந்த நேரத்தை விடாதீர்கள்.

நான் எழுதிக் கொடுப்பதானால் இப்படி எழுதுவேன். சாமானைப் பாரமெடுத்த திகதியிலிருந்து 30 நாளுக்குள் காசு. பில்லில் குறை இருந்தால் ஐந்து நாளுக்குள், எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். மேசைக்கு மேசை ஒன்றாகக் கண்டுபிடிப்பதுதான் எங்களைக் கொன்றது. வந்த பில்களுக்கு வரிசை எண் போட்ட ஒரு பதிவேடு வைத்து, எந்தப் பில் எந்தத் திகதியில் வந்தது, எப்போது தீர்ந்தது என்று மாதா மாதம் அறிவித்தல் பலகையில் போட வேண்டும். ஒதுக்கிய காசு இல்லாமல் ஓடர் கொடுக்கக் கூடாது. பிந்தினால் வட்டி என்றும் கேட்டுப் பாருங்கள். அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். அப்படியானாலும் பதிவேட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வரிசையைத் தாண்டி யாருடைய பில் முன்னுக்குப் போகிறது என்று அதில்தான் தெரியும்.

கொந்தராத்து யாருக்கு, எவ்வளவுக்கு என்பதையும் அதே பலகையில் போடச் சொல்லுங்கள். வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு கான் (வடிகால்) வேலையை மூன்று துண்டாக உடைத்தால், பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது தானாகவே கண்ணில் படும். பொருளின் தரத்தையும் சரியாக எழுதச் சொல்லுங்கள். வீதி விளக்குக்கு வெறும் வாட் கணக்கை எழுதினால் மலிவானது வந்து முதல் மழையோடு அணையும். வெளிச்சம் எவ்வளவு, தண்ணீர் புகாத ஐபி 65 தரமா, எத்தனை வருட உத்தரவாதம் என்று இருந்தால்தான் விலைகளை ஒப்பிடுவதில் அர்த்தம்.

அப்புறம் மொழி. 1987இல் 13ஆம் திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரச கரும மொழி. இருந்தும் எங்கள் கடைக்கு வந்த கேள்விப்பத்திரங்களில் (டெண்டர் படிவங்களில்) தமிழில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் சிலர் அதை நிரப்புவதற்கென்றே ஆள் பிடித்துக் காசு கொடுக்கிறார்கள். தமிழ்ப் படிவமும் வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கடந்த வருடத்துப் பில்கள் வந்த திகதியையும் காசு கொடுத்த திகதியையும் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அந்தத் திகதிகளை உங்கள் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் நகலில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்க வேண்டாம்.