வீட்டு வளவில் சின்னக் குளம் நாமே வெட்டலாமா?

வெட்டலாம். கிளிநொச்சியில் எங்கள் வளவில் ஒன்று இருக்கிறது: 10 அடி நீளம், 6 அடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம். 2018 ஆனியில் நானும் மச்சானும் வெட்டினோம். நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. முதல் நாள் பின்னேரம் தண்ணீர் விட்டு ஊறவைத்து, விடிய வெட்டினால்தான் மண்வெட்டி இறங்கும். மற்றபடிக்கு அலவாங்குதான்.

சுவரைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். ஓரத்தில் ஓரடி ஆழத்தில் ஒரு படி விடுங்கள். அதில் அல்லிச் சட்டியை வைக்கலாம், தவறி விழுகிற கோழிக்குஞ்சும் ஏறி வந்துவிடும். அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், அதனால் மரத்துக்குக் கீழே வேண்டாம்.

தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் குளத்துக்குள் போடுகிற விரிப்பில் நான் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். போருக்குப் பிறகு மீள்குடியேறிய வீடுகளில் பழைய தறப்பாளுக்கா பஞ்சம்? இரண்டு மாதம்தான். வெயில் பட்ட விளிம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, நெய்த இழை மட்டும் மிஞ்சியது. தண்ணீர் அதற்குள்ளால் போய்விட்டது. குளத்துக்கென்றே விற்கிற தடித்த கறுப்பு விரிப்பை வாங்குங்கள். நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, விளிம்புக்கு 2 அடி சேருங்கள், அகலத்துக்கும் அப்படியே. எனக்கு 17 அடிக்கு 13 அடி வந்தது. அடியில் வேர், கல் குத்தாமல் பழைய உரப்பைகளைப் பரப்பினேன்.

அப்புறம் மார்கழி வந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய குளமான இரணைமடுவில், மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த வெள்ளம். வளவுத் தண்ணீர் முழுக்கச் சேற்றோடு குளத்துக்குள் இறங்கியது. விடியப் போய்ப் பார்த்தால் மீன் ஒன்றும் இல்லை. அடியில் ஊறிய நிலத்தடி நீர் விரிப்பைத் தூக்கி, அது மாட்டு வயிறு போல ஊதி நிற்கிறது. ஐயா பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளத்துக்குக் கீழ வயல் செய்தவன்ர பிள்ளை, வான் வைக்காமல் குளம் கட்டியிருக்கிறாய்."

அதுதான் விஷயம். பள்ளமான மூலையை விட்டு மேட்டில் வெட்டுங்கள். சுற்றிவர நாலு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டுங்கள். உள்ளே தண்ணீர் தெரிகிற குழாயில் தண்ணீர் விட்டு விளிம்பின் மட்டத்தைப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். வரம்பில் ஓரிடத்தில் 2 அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, வாயில் வலை கட்டி, வாழைப்பாத்திக்குத் திருப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த மாரியிலும் மீன் போகவில்லை.

மீன் கட்டாயம். கிழமை, பத்து நாளில் தண்ணீரில் நெளிகிற கூத்தாடிப் புழு நுளம்பாகிவிடும். டெங்கு இருக்கிற ஊரில் விளையாட்டில்லை. பத்துக் கப்பி மீன் போதும், பெருகிவிடும். திலாப்பியாவை விடாதீர்கள், அடியில் குழி பறித்துத் தண்ணீரைக் கலக்கும். தவளை தானாக வரும். தவளைக்குப் பின்னால் சாரையும் வரும், அதை வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆடிச் சோளகக் காற்றில் தண்ணீர் கிழமைக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும். என் குளத்துக்கு அது ஏறத்தாழ 200 லீற்றர், கிணறு வற்றுகிற காலத்தில் யோசிக்க வேண்டிய கணக்கு.

தவழுகிற பிள்ளை இருக்கிற வீடென்றால் இப்போதைக்கு வெட்டாதீர்கள். அக்காவின் பிள்ளைகள் வருகிற நாளில் நான் கம்பி வலையை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுவேன்.