வெளியூர்க்காரர்கள் மீதான பயம் – கடிதம்

ஐயா,

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் வடமாநிலத் தொழிலாளர்கள் வீடெடுத்துத் தங்கியிருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவனை செல்போன் திருடியதாகப் பிடித்தார்கள். அதிலிருந்து அவர்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் இதை வெறுப்பு என்கிறாள். கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறேன்?

ச., ராணிப்பேட்டை

அன்புள்ள ச.,

உங்கள் மனதில் வெறுப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. கண்ணால் பார்த்தது என்கிறீர்களே, அங்கேதான் சந்தேகம்.

1976-ல் ஹாமில்டன், கிஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கற்பனையான இரண்டு குழுக்கள். பெரிய குழுவினர் செய்ததாக 18 நல்ல காரியங்கள், 8 கெட்ட காரியங்கள். சிறிய குழுவினர் செய்ததாக 9 நல்லவை, 4 கெட்டவை என்று படிக்கக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் விகிதம் ஒன்றுதான். ஆனால் படித்தவர்கள், சிறிய குழு செய்ததைவிட அதிகமான கெட்ட காரியங்களை அதன் தலையில் கட்டினார்கள். அவர்களுக்கு யார் மேலும் பகை கிடையாது. குறைவாக உள்ள ஆட்களும் அபூர்வமாக நடக்கிற தப்பும் சேர்ந்து வந்தால் மனதில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் தெருவிலும் இதுதான் நடக்கிறது. உள்ளூர்ப் பையன் திருடினால் இன்னார் மகன் திருடினான் என்பதோடு முடிந்துவிடும். வெளியூர்க்காரன் மேல் சந்தேகம் வந்தால் அவன் மாநிலமே மாட்டிக்கொள்கிறது. ஷிப்டு முடித்து வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற மற்றவர்கள் யார் நினைவிலும் நிற்பதில்லை.

வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களைப் பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வைத்தியத்துக்கு வருகிறார்கள். கடைப் பலகைகளில் வங்க எழுத்து, கடைக்காரர்கள் வாயில் இந்தி. தினமும் பேசிப் பழகுவதால் அங்கே பயத்துக்கு இடமில்லை. அதே ஊர்க்காரர் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தால் மட்டும் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. ஏனென்றால், கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர்களில் ஏராளமானோர் நம் வட ஆற்காட்டு ஜனங்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, அவர்களும் பெயரில்லாத ஒரு கும்பலாகத்தான் பார்க்கப்பட்டார்கள்.

அப்புறம், பிடிபட்டவனிடம் போன் இருந்ததா, போலீஸ் என்ன சொன்னது என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இல்லை. விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.