மோவாயைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வாருங்கள்

அலுவலகத்துக்காகப் படம் எடுத்துக்கொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இருபத்தாறு வருடமாக முகங்களை மட்டுமே படமெடுத்து வரும் புகைப்படக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் தணிக்கையாளர். தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். இணையதளத்தில் போடுவதற்காக செல்ஃபி எடுத்தால் மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. என் மூக்கு நிஜமாகவே அப்படியா மேடம்? ஸ்டூடியோவுக்குப் போயே ஆக வேண்டுமா?

பதில்: மூக்கின் மேல் குற்றமில்லை சார், தூரத்தின் மேல்தான் குற்றம். கணக்குப் போடுகிறவர் நீங்கள், போட்டுப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஏறக்குறைய 5 அங்குலம் இருக்கும். போனை மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் பிடித்தால் காது 17 அங்குலத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு நாற்பது சதவீதம் பெருத்துவிடுகிறது. அதே போனை 5 அடி தள்ளி வைத்தால் 60-க்கு 65. அந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். முகச் சீரமைப்பு மருத்துவர்களுக்கான அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் 2018-ல் இதே கணக்கு வந்தது. 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகன்று தெரிகிறதாம். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் டாக்டர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

நாங்கள் 85 அல்லது 105 மிமீ லென்ஸ் போடுவதை ஏதோ தொழில் ரகசியம் என்று நினைக்கிறார்கள். முக அமைப்பை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் இந்த நீண்ட லென்ஸைப் போட்டால் நான் தள்ளி நின்றுதான் ஆக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆகவே ஸ்டூடியோ கட்டாயம் இல்லை. வேறொருவரிடம் போனைக் கொடுங்கள். முன்பக்க கேமரா வேண்டாம், பின்பக்கம். அவர் ஐந்தாறு அடி தள்ளி நிற்கட்டும், இரண்டு மடங்கு ஜூம் வைக்கட்டும், போன் உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். நீங்கள் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். நேர் வெயில் உள்ளே விழாத ஜன்னலாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் மிகவும் இருட்டினால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலியில் தொங்கவிடுங்கள். மிக முக்கியமானது: அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், ட்யூப்லைட் வேறு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் பாதி முகத்துக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும்.

இப்படி எடுத்த படம் போதும். போதாது என்று தோன்றினால் வாருங்கள், எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே.

கேள்வி: கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறேன். போட்டோவில் மட்டும் ஏன் வேறு யாரோ போல இருக்கிறேன்?

பதில்: கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். பிறந்ததிலிருந்து பழகியது அந்த முகம்தான். போட்டோ காட்டுவது மற்றவர்கள் பார்க்கும் முகம். அதில் வகிடு எதிர்ப்பக்கம் இருக்கும், ஏறியிருக்கும் புருவம் எதிர்ப்பக்கம் இருக்கும். 1977-ல் சில உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே படத்தை நேராக ஒன்றும் திருப்பி ஒன்றும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் திருப்பிய படத்தை விரும்பினார்கள், அவர்களுடைய தோழிகளோ நேரான படத்தை விரும்பினார்கள்.

அதனால்தான் எடுத்த முப்பது படங்களில் எது என்று முடிவு செய்வதை, படத்தில் இருப்பவரிடம் மட்டும் நான் விடுவதில்லை. தினமும் அவரோடு வேலை செய்யும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். “இது நீ”, “இது நீ இல்லை” என்று அரை நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் 18 பேர். ஒவ்வொரு குரூப் போட்டோவிலும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார். எத்தனை முறைதான் எடுப்பது? ஆளாளுக்கு அலுத்துக்கொள்கிறார்கள். எங்கள் நிறுவனத்தில் இதற்குப் பொறுப்பு நான்தான்.

பதில்: ஆறு முறை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் இதைக் கணக்குப் போட்டு, 2006-ல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். வெளிச்சம் மோசம் என்றால் இரண்டால். அத்தனை படம் எடுத்தால் எல்லோரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்றாவது அநேகமாகக் கிடைத்துவிடும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அதற்குள் இமை ஒரு தடவை இறங்கி ஏறிவிடும். அதனால்தான் இரண்டால் வகுக்கிறோம். நான் ஆறுக்குப் பன்னிரண்டு எடுப்பேன், ஏனென்றால் கண் திறந்திருந்தாலும் வாய் கோணலாக இருக்குமே. இன்னொரு வழியும் உண்டு. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லி, உடனே எடுத்துவிடுவேன்.

ஆனால் கண் மூடுவது சின்னத் தலைவலி. பெரிய தலைவலி வெளிச்சம். ஒரு ஓரத்தில் விளக்கை வைத்துவிட்டு ஒன்பது பேரை வரிசையாக நிற்க வைத்தால், விளக்குக்கு 2 மீட்டரில் இருப்பவர் மேல் விழுவதில் கால் பங்குதான் 4 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகாது, நாலில் ஒன்றாகும். ஒருவர் வெளுத்துப் போவார், கடைசியில் நிற்பவர் யார் என்றே தெரியாது. விளக்கை நன்றாகப் பின்னால் தள்ளி, உயர்த்தி வையுங்கள். அப்போது இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். புகைப்படக்காரர் இதைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது. மேசைகளை நகர்த்த விடமாட்டோம் என்று சொல்லிவிட்டு நல்ல படம் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

18 பேரை மூன்று வரிசையாக்குங்கள். முன்வரிசை உட்காரட்டும், நடுவரிசை நிற்கட்டும், பின்வரிசை படியிலோ பெஞ்சிலோ ஏறட்டும். பின்னால் இருப்பவர் முகம், முன்னால் இருக்கும் இரண்டு தோள்களுக்கு நடுவே வர வேண்டும். கேமரா தெரிந்தால் தன் முகமும் படத்தில் தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டால் அவர்களே சரிசெய்துகொள்வார்கள். மூன்று வரிசையும் தெளிவாக வர அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, எஃப் 8 அளவுக்குச் சின்னதாக வைத்தால் எனக்கு நிம்மதி. தலைவர் எங்கே என்ற பஞ்சாயத்தை முந்தின நாளே முடித்துவிட்டு வாருங்கள்.

எல்லோரும் ஒரே நீலச் சட்டை என்று உத்தரவு போடாதீர்கள், சீருடை போட்ட மாதிரி ஆகிவிடும். மிக நெருக்கமான கோடு போட்ட சட்டைகளை மட்டும் தடுங்கள். கேமரா சென்சாரின் புள்ளி வரிசையோடு அந்தக் கோடுகள் மோதி, சட்டையில் இல்லாத வானவில் அலைகளெல்லாம் வரும்.

பின்னணியையும் ஒருமுறை பாருங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், நாற்பது பேரை அரை நாள் அடுக்கி, விளக்கெல்லாம் வைத்து எடுத்தேன். பிரிண்ட் போட்டதும்தான் பார்க்கிறேன், நிறுவனத் தலைவரின் தலையிலிருந்து சிவப்பாகத் தீயணைப்பு உருளை முளைத்திருக்கிறது. நாற்பது முகத்தையும் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை. திரும்பவும் எல்லோரையும் கூட்டி, என் செலவில் எடுத்துக் கொடுத்தேன்.

கேள்வி: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கலாமா?

பதில்: கழற்றிவிட்டா வேலைக்குப் போகிறீர்கள்? போட்டுக்கொண்டே வாருங்கள். கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து ஒரு நூல் தூக்கினால் கண்ணாடி சற்றுக் கீழ் நோக்கிச் சாயும், விளக்கையும் உயர்த்திவிட்டால் பளபளப்பு போய்விடும்.

கேள்வி: அலுவலகம் ஏற்பாடு செய்த புகைப்படக்காரர் என் நிறத்தை இரண்டு மூன்று படி வெளுக்கவைத்து அனுப்பியிருக்கிறார். எல்லோரும் “சூப்பர்” என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்சேபம் சொன்னால் மரியாதைக் குறைவாக இருக்குமா?

பதில்: தயங்காமல் சொல்லுங்கள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்களைச் சந்திக்க வருகிறவர், வரவேற்பறையில் உங்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இந்தப் படத்துக்கு இருக்கும் வேலையே அதுதான்.

இதில் எங்கள் தொழிலுக்கே பழைய பாவம் ஒன்று இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு சோதனை அட்டை அனுப்பும், அதற்கு ஷர்லி அட்டை என்று பெயர். அட்டையில் இருக்கும் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பல வருடங்களுக்கு அந்தப் பெண் வெள்ளைக்காரப் பெண்தான். அவளுக்குச் சரியாக இருந்த அளவில் மாநிறமும் கறுப்பும் சேறு பூசினது போல வந்தன. ஃபிலிம் போய்விட்டது. ஆனால் இருண்டு வந்தால் வெளுக்கவைத்துச் சரிசெய்யலாம் என்ற பழக்கம் கைவிரலில் தங்கிவிட்டது.

கறுப்பு முகத்துக்குத் தேவை வெளிச்சம்தான், வெளுப்பு இல்லை. பெரிய சாஃப்ட்பாக்ஸை, அதாவது விளக்கின் மேல் மாட்டும் வெள்ளைத் துணிப் பெட்டியை, பக்கவாட்டில் வைத்தால் கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் ஒரு மினுமினுப்பு ஓடும், முகத்தின் வடிவம் அதில்தான் தெரியும். பளீரென்ற வெள்ளைப் பின்னணியில் நிற்கவைத்து, வெளிச்சத்தைக் கேமராவே தானாக அளக்க விட்டால், அது வெள்ளையைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிச்சத்தைத் தூக்குவார்கள். உங்கள் படத்துக்கு இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். “கம்ப்யூட்டரில் திருத்தாத, ரீடச் செய்யாத மூலப் படம் வேண்டும், அதில் நிறத்தைத் தொடாமல் மறுபடி செய்து தாருங்கள்” என்று கேளுங்கள். இரண்டே வரி போதும், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ரீடச்சில் நான் வைத்திருக்கும் கணக்கு: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுப்பேன், தங்குவதைத் தொடமாட்டேன். பரு போகும், மச்சம் இருக்கும். இதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒரு அம்மாவின் உதட்டு மேல் மச்சத்தை அழகு செய்வதாக நினைத்து அழித்துக் கொடுத்தேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “என் தங்கை படத்தைக் கொடுத்துவிட்டீர்கள்” என்றார்.

கேள்வி: புதிதாகச் சேருகிறவர்களின் படம் பழைய படங்களோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதல் நாள் எடுக்கும்போதே புகைப்படக்காரரிடம் அளவுகளை எழுதி வாங்குங்கள். லென்ஸ் எது, ஆள் எத்தனை அடியில் நின்றார், விளக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், பின்னணியின் நிறம் என்ன என்று. விளக்குகளோடு நிற்கும் ஒரு மொத்தப் படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேறொருவர் வந்தாலும் ஒட்டும். தலையைச் சுற்றி இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள், இப்போது எல்லாத் தளங்களும் வட்டமாக வெட்டுகின்றன. அச்சுக்கு 4க்கு 5 அங்குலம் என்றால் 1200க்கு 1500 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இரட்டைத் தாடை. சிரிக்கவும் வராது. அடுத்த வாரம் படம் எடுக்க வருகிறார்கள். விடுப்பு போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: போடாதீர்கள். தாடைக்கு வழி இருக்கிறது. மோவாயைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, ஒரு விரற்கடை கீழே இறக்குங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஆமை ஓட்டிலிருந்து தலை நீட்டுவது போல இருக்கும், சிரிப்பார். கேமராவுக்கு முன்னாலிருந்து பார்த்தால் கழுத்துச் சதை இழுபட்டு, தாடைக் கோடு தனியாகத் தெரியும். உடம்பைச் சற்றுத் திருப்பி, முகத்தை மட்டும் நேராக்குங்கள்.

சிரிப்பு வேறு கதை. 1862-லேயே துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார்: வாயோரத் தசையை நாம் நினைத்தால் இழுக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனசு சொன்னால்தான் அசையும். ஆகவே நான் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை. “உங்கள் வேலை என்ன, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்” என்பேன். ஒரு சரக்குப் போக்குவரத்து மேலாளர், பத்து நிமிடம் கல்லாக உட்கார்ந்திருந்தவர், துறைமுகத்தில் தன் பெட்டி தவறான கப்பலில் ஏறிப்போன கதையைச் சொல்லத் தொடங்கினார். அது போய்ச் சேர்ந்த ஊரைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.